பந்தாட்டத்தில் ஒரு பருவம்



லீக் என்னும் சொல் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் பழகிப்போன சொல். கிரிக்கெட் லீக், கபடி லீக், ஹாக்கி லீக் என்று செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் நாள்தோறும் அதைக் காண்கிறோம். ஆயினும் லீக் என்பது ஒரு பந்தயத்தின் பெயரா, ஒரு சங்கத்தின் பெயரா, ஆட்டத்தை நடத்தும் ஒரு முறையா என்று கேட்டால் பலர் சற்றே தயங்குவர். மூன்றும் பொருந்தும் என்பதே விடை. ஆனால் மூன்றாவதை அறிந்தாலன்றி முதலிரண்டும் விளங்கா. அதை ஹாக்கி ஆட்டத்தைக் கொண்டு விளக்க எண்ணுகிறேன். லீக் முறை எப்படி வாழ்கிறது என்பதோடு எப்படி மடிகிறது என்பதையும் நம் நாட்டில் ஹாக்கியைப் போல் வேறெந்த ஆட்டமும் காட்டவில்லை.

முதலில் நம் ஊர்ப் பந்தயத்தைப் பார்ப்போம். மல்லசமுத்திரம் நாமக்கல் மாவட்டத்துப் பேரூர். எங்கள் சமவெளியில் திருவிழாக் காலத்திலும் கோடை விடுமுறையிலும் கபடிப் பந்தயம் வைப்பார்கள். பொழுது சாய்ந்ததும் விளக்கு ஏற்றுவார்கள். விடிவதற்குள் கோப்பையைக் கொடுத்துவிடுவார்கள். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வரும் அணி முதல் ஆட்டத்தில் தோற்றால், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே திரும்ப வேண்டியதுதான். இது நாக்-அவுட் முறை. இதில் கணக்கு மிக எளிது. 32 அணிகள் வந்தால் 31 ஆட்டங்கள் போதும். ஏனெனில் ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வெளியேற்றுகிறது. ஆனால் அந்த 32இல் 16 அணிகள் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போகின்றன. நல்ல அணிக்கு ஒரு கெட்ட இரவு வாய்த்தால் அதோடு முடிந்தது.

லீக் முறையில் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆட வேண்டும். அதே 32 அணிகளை அப்படி ஆடவைத்தால் 496 ஆட்டங்கள் ஆகின்றன; கணக்குப் பயிலும் மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம். ஒரு தோல்வி யாரையும் வெளியேற்றுவதில்லை. வெற்றிக்கு இத்தனை புள்ளி, தோல்விக்கு இத்தனை என்று பட்டியலில் ஏறிக்கொண்டே போகும். ஆட்டங்கள் பெருகுவதால் நாட்கள் பெருகுகின்றன. ஓர் இரவு பல வாரங்களாகவும் மாதங்களாகவும் விரிகிறது. அவ்வாறு விரிந்த காலத்தையே பருவம் என்கிறோம். சீசன் என்பது பேச்சுவழக்கு. ஒருநாள் அதிர்ஷ்டம் அதில் செல்லாது. மாற்று ஆட்டக்காரர் எத்தனை பேர் தேறியவர், காயம் பட்டவர் எத்தனை நாளில் எழுந்து வருகிறார், தோற்ற மறுநாள் அணியின் மனநிலை எப்படி என்பவையெல்லாம் பட்டியலில் வந்து தெரியும்.

இனி ஒரு பருவத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பர் 28ஆம் நாள் ஒடிசாவின் ரூர்கேலா நகரில் ஹாக்கி இந்தியா லீக் தொடங்கியது. ஆடவர் பிரிவில் எட்டு அணிகள். அவற்றுள் ஒன்று தமிழ்நாடு டிராகன்ஸ். முதற்கட்டத்தில் எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை ஆடினர். அது 28 ஆட்டம். பின்னர் எட்டையும் இரு பிரிவாக்கி, பிரிவுக்குள் மீண்டும் ஒருமுறை ஆடவைத்தனர், அது 12. அதன்மேல் முதல் நான்கு அணிகளுக்கு இரண்டு அரையிறுதிகள், மூன்றாம் இடத்துக்கு ஓர் ஆட்டம், இறுதி ஆட்டம். ஆக 44. லீக் முறையில் சலித்தெடுத்துக் கடைசியில் நாக்-அவுட் முறைக்கு வந்துவிடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பட்டியலில் முதலிடம் பெற்றவரையே வெற்றியாளர் என்று அறிவித்துவிடுவதே நியாயம் என்பது என் எண்ணம். ஐரோப்பியக் கால்பந்து லீக்குகள் பல அப்படித்தான் செய்கின்றன. ஆனால் இறுதி ஆட்டம் என்று ஒன்று இல்லாவிட்டால் நம்மவர்க்கு மனம் நிறைவதில்லை.

வெற்றிக்கு மூன்று புள்ளி, தோல்விக்குப் பூச்சியம். ஆட்டம் சமனில் முடிந்தால் ஷூட்-அவுட். பந்தோடு 23 மீட்டர்க் கோட்டிலிருந்து ஒரே ஓர் ஆட்டக்காரர் புறப்பட்டு, எட்டு வினாடிக்குள் கோல்காப்பாளரை ஏமாற்றிப் பந்தை உள்ளே செலுத்த வேண்டும். அதில் வென்றவர்க்கு இரண்டு புள்ளி, தோற்றவர்க்கும் ஒன்று. சமனாக ஆடியவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதும், சமன் செய்தே காலத்தைக் கழிக்க விடக் கூடாது என்பதும் இந்த ஏற்பாட்டின் கருத்து.

அணிகளை அமைத்த விதம் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். 2024 அக்டோபரில் தில்லியில் ஆட்டக்காரர்களை ஏலம் விட்டார்கள். ஏலம் எங்களூருக்குப் புதிதன்று. மல்லசமுத்திரத்தில் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் பருத்தி ஏலம் நடக்கும் நாளில், மூட்டைகளின் வாயைப் பிரித்து, ஒரு பிடி எடுத்து இழையை இழுத்துப் பார்த்து, சுரபி ரகத்துக்கு ஒரு விலை, பி.டி. ரகத்துக்கு ஒரு விலை, கொட்டுப் பருத்திக்கு ஒரு விலை என்று வியாபாரிகள் கேட்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பருத்தி ஏலத்தில் பணம் உள்ள வியாபாரி எத்தனை மூட்டை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஹாக்கி ஏலத்தில் அது முடியாது. ஆடவர் அணி ஒவ்வொன்றுக்கும் 4 கோடி ரூபாய்தான் எல்லை; அதற்குள் 24 பேரைத் திரட்ட வேண்டும்; அவர்களில் எட்டுப் பேர் வெளிநாட்டவர். இந்திய அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கை சூர்மா அணி 78 லட்சத்துக்கு எடுத்தது. கையிருப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஒரே ஆளுக்குப் போய்விட்டது. எஞ்சியதில் 23 பேரை எடுக்க வேண்டும்.

ஒருவருக்கு அத்தனை விலை ஏன்? பெனால்டி கார்னர் என்னும் வாய்ப்புதான் காரணம். எதிரணி தன் வட்டத்துக்குள் தவறு செய்தால், கோலின் பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தை வெளியே தள்ள, வட்டத்தின் விளிம்பில் நிற்பவர் அதை நிறுத்த, மூன்றாமவர் கோலை நோக்கிச் செலுத்துவார். பந்தை மட்டையில் ஒட்டவைத்து இழுத்துச் சுழற்றி எறிவதுபோல் செலுத்தும் டிராக் ஃபிளிக் என்ற வித்தையில் தேர்ந்தவர்கள் உலகிலேயே சிலர்தாம். 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் மிகுந்த கோல்கள் போட்டவர் ஹர்மன்பிரீத், எண்ணிக்கை பத்து. தமிழ்நாடு அணியும் இதே வித்தைக்காக நெதர்லாந்தின் யிப் யான்சன் என்பவரை 54 லட்சத்துக்கு எடுத்தது.

பண எல்லையைப் பற்றிச் சொன்னேன். அந்த எல்லையை முன்னிட்டு ஒரு பருவம் முழுவதும் அழிந்துபோன வரலாறு வட அமெரிக்காவில் உண்டு. அங்கே ஹாக்கி என்றால் பனிக்கட்டித் தரையில் காலில் சறுக்குக் கத்தி கட்டிக்கொண்டு ஆடுவது. பந்துக்குப் பதிலாகத் தட்டையான ரப்பர் வில்லை. கோல்காப்பாளரோடு சேர்த்து அணிக்கு ஆறு பேர். 1917இல் மாண்ட்ரியாலில் தோன்றிய நேஷனல் ஹாக்கி லீக், 2024-25ஆம் பருவத்தில் 32 அணிகளைக் கொண்டிருந்தது. அணிக்கு 82 ஆட்டம். அதில் சரிபாதி 41 சொந்த ஊர்க் கணக்கு. இலையுதிர் காலத்தில் தொடங்கினால் கோடை வந்தபின்தான் ஸ்டான்லி கோப்பை ஒருவர் கைக்குப் போகும். அந்த லீக்கில் 2004-05ஆம் பருவம் நடைபெறவே இல்லை. ஆட்டக்காரர் சம்பளத்துக்கு அணிதோறும் ஓர் உச்சவரம்பு வேண்டும் என்றனர் முதலாளிகள். கூடாது என்றது ஆட்டக்காரர் சங்கம். அரங்குகளின் கதவு மூடியே கிடந்தது. 2005 பிப்ரவரியில் பருவம் முழுவதையும் கைவிட்டு, 1,230 ஆட்டங்களை இல்லை என்று அடித்துவிட்டார்கள். வெற்றியாளர் பெயர் பொறிக்கும் ஸ்டான்லி கோப்பையில், அவ்வாண்டுக்கு உரிய இடத்தில், பருவம் ஆடப்படவில்லை என்றே பொறித்திருக்கிறார்கள். ஆயினும் அடுத்த ஆண்டே உச்சவரம்போடு லீக் மீண்டது. நெடுங்காலப் பழக்கம் உள்ள லீக் ஆதலால், ஓராண்டு இடைவெளியை அதனால் தாங்க முடிந்தது.

அதே குளிர்காலத்தில், 2005 ஜனவரியில், ஹைதராபாத்தில் பிரிமியர் ஹாக்கி லீக் என்ற பெயரில் நம் நாட்டு முயற்சி தொடங்கியது. சென்னை வீரன்ஸ் என்று தமிழ்நாட்டின் சார்பில் ஓர் அணி இருந்தது. முதல் பருவத்தில் வென்றது ஹைதராபாத் சுல்தான்ஸ். இரு பாதியாக ஆடிவந்த ஹாக்கியை நான்கு கால் பகுதியாக அந்த லீக் ஆடியது. பின்னாளில் உலகச் சம்மேளனமும் நான்கு பகுதி முறையை ஏற்றுக்கொண்டது. ஆனால் லீக் 2008க்கு அப்பால் நடக்கவில்லை. அவ்வாண்டு இந்திய ஆடவர் அணி ஒலிம்பிக்குக்கே தகுதி பெறவில்லை, நிருவாகமும் நிலைகுலைந்தது. 2012இல் உலகத் தொடர் ஹாக்கி என்று மற்றொன்று எழுந்தது. அதில் சென்னை சீட்டாஸ் ஆடியது. நிருவாகத்தில் இரு அமைப்புகளின் பிணக்கினால் உலகச் சம்மேளனத்தின் அங்கீகாரம் அதற்கு இல்லை. ஒரே பருவத்தோடு அது முடிந்தது. 2013இல் ஹாக்கி இந்தியா லீக் ஐந்து அணிகளோடு வந்தது. அந்த ஐந்தில் தமிழ்நாடு இல்லை. 2017 வரை ஆண்டு தவறாமல் நடந்து, பிறகு அதுவும் நின்றது. நான் மேலே விவரித்த 2024-25ஆம் பருவம், ஏழாண்டு நிறுத்தத்துக்குப்பின் அதே லீக் மீண்டு எழுந்த பருவம்.

ஏழு ஆண்டு என்பது பார்வையாளருக்குப் பெரிதன்று. ஆட்டக்காரருக்கு? உயர்ந்த நிலையில் ஒருவர் ஆடக்கூடிய காலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டு. 2017இல் 19 வயதில் திறமை முதிரத் தொடங்கிய ஓர் இளைஞர், லீக் மீண்டபோது 26 வயதினர். வெளிநாட்டு ஆட்டக்காரர்களோடு ஒரே அறையில் தங்கி, ஒரே பயிற்சியில் வேர்த்து, அவர்கள் எப்படி நிற்கிறார்கள், எப்போது பந்தை விடுகிறார்கள் என்று கற்றிருக்க வேண்டிய வயது முழுவதும் போய்விட்டது. தேசிய அணியில் இடம் பெற்ற சிலருக்கு வேறு வழிகள் உண்டு. அந்த நிலைக்கு ஒரு படி கீழே நின்றவர்களுக்கு லீக் ஒன்றே வழி, அவர்கள்தாம் இழந்தவர்கள்.

தமிழ்நாட்டில் அத்தகையோர் குறைவல்லர். கோவில்பட்டி தலைமுறை தலைமுறையாக ஹாக்கி வளர்த்த ஊர். 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன் தமிழ்நாட்டவர். 2022ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் அரியலூர்க் கார்த்தி செல்வமும் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் இந்தியாவுக்காக ஆடினர். கார்த்தி பின்னர் தமிழ்நாடு டிராகன்ஸ் அணியிலும் இடம்பெற்றார். அரியலூரிலோ கோவில்பட்டியிலோ மட்டை பிடிக்கும் சிறுவனுக்கு, தன் மாநிலத்தின் பெயரால் ஓர் அணி உண்டு என்பதும், அடுத்த ஆண்டும் அது இருக்கும் என்பதும் வேறு வேறு செய்திகள். முன்னது 2005இலும் 2012இலும் கூடக் கிடைத்தது.

மீண்ட பருவத்தில் தமிழ்நாடு அணி அரையிறுதி வரை சென்று நான்காம் இடம் பெற்றது. 2025 பிப்ரவரி 1ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில், ஷ்ராச்சி ராட் பெங்கால் டைகர்ஸ் அணி ஹைதராபாத் தூஃபான்ஸ் அணியை நான்குக்கு மூன்று என்று வென்றது. ஜுக்ராஜ் சிங் மூன்று கோல் போட்டார். முதன்முறையாக மகளிர்க்கும் நான்கு அணிகளோடு ராஞ்சியில் லீக் நடந்து, ஒடிசா வாரியர்ஸ் வென்றது. ஆடவர் ஆட்டங்களுக்கு ரூர்கேலாவின் பிர்சா முண்டா அரங்கமே முக்கியக் களம். அங்கே கூட்டம் நிரம்பி வழிந்தது. அந்த வட்டாரமே ஹாக்கியில் ஊறியது. ஆனால் தமிழ்நாடு என்ற பெயர் தாங்கிய அணியைத் தமிழ்நாட்டு மக்கள் தொலைக்காட்சியில்தான் கண்டனர். நேஷனல் ஹாக்கி லீக் அணிக்கு அதே 2024-25ஆம் பருவத்தில் 41 ஆட்டம் தன் மக்கள் நடுவே. நம் அணிக்கு ஒன்றுமில்லை. சீட்டு விற்பனை, கடை வாடகை, சட்டை வணிகம் என்று ஒரு லீக் தன் காலில் நிற்பதற்கான வருமானத்தில் பெரும்பகுதி சொந்த ஊர் ஆட்டத்தால் வருவது. தந்தையின் தோளில் ஏறி ஆட்டம் பார்த்த பிள்ளை பின்னாளில் மட்டை கேட்பதும் அதனால்தான்.

2026 ஜனவரியில் தொடங்கிய அடுத்த பருவத்தில் சென்னைக்கும் ஆட்டங்கள் வந்தன. எழும்பூர் மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கில் பருவம் தொடங்கியது. அதற்கு முன்பே உத்தரப் பிரதேசத்தின் ருத்ராஸ் அணி, செலவுக்கு ஏற்ற வருமானம் இல்லை என்று விலகிவிட்டது. எட்டு என்ற எண்ணிக்கை குறையாமல் இருக்க, லீக்கின் நிருவாகக் குழுவே ஓர் அணியைத் தன் பொறுப்பில் நடத்தியது.