தில்லிக்கு வழிகாட்டிய ஆண்டர்சன்பேட்டை

புது தில்லி: மகளிர் சுயஉதவிக் குழுக்களின் வாயிலாக 3 கோடிப் பெண்களை 'லட்சாதிபதி சகோதரி'களாக உயர்த்தப் போவதாக 2024-ஆம் ஆண்டு இடைக்கால நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசு அறிவித்தது. நிதிநிலை அறிக்கைகளில் இன்று தவறாமல் இடம்பெறும் இக்குழுக்களுக்கு வங்கிக் கதவு திறந்த இடங்களுள் முதன்மையானது, தமிழர்கள் மிகுதியாக வாழும் கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டை.

தங்கவயலை அடுத்த காமசமுத்திரம் பகுதி, கர்நாடகம், ஆந்திரம், தமிழகம் ஆகிய மூன்று மாநில எல்லைகள் நெருங்கும் வறண்ட பூமி. வற்றாத நதி ஏதுமில்லாத கோலார் மாவட்டத்தில் மழை பொய்த்தால், ஏழைக் குடும்பங்களுக்கு ஆடும் மாடும்தான் கைமுதல். அவசரச் செலவு வந்தால் ஆட்டை விற்பார்கள். அதுவும் இல்லையெனில் வட்டிக்காரரிடம் செல்வார்கள்.

அப்பகுதியில் பணியாற்றிய தொண்டு நிறுவனம் 'மைராடா'. திபெத்திய அகதிகளை மைசூர் மாநிலத்தில் குடியமர்த்துவதற்காக 1968-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், பின்னர் ஊரக மேம்பாட்டுப் பணியில் முழுமையாக இறங்கியது.

உடைந்த சங்கம், பிறந்த குழு

மைராடாவின் உதவியுடன் உருவான பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் சில, 1980-களின் நடுவில் உட்பூசலால் உடைந்தன. கடன் பெற்றிருந்த உறுப்பினர்கள் தொகையைச் சங்கத்தில் செலுத்த மறுத்து, மைராடாவிடமே திருப்பித் தர முன்வந்தனர். சங்கத் தலைவரிடம் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால், தங்களுக்குள் சிறுசிறு குழுக்களாகப் பிரிந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பினர். அந்த நம்பிக்கையையே மூலதனமாகக் கொண்டு சேமிப்பு, கடன் குழுக்களை வளர்ப்பதென அலோசியஸ் பெர்னாண்டஸ் தலைமையிலான மைராடா முடிவு செய்தது. 1987-இல் இம்முயற்சிக்கு நபார்டு வங்கி ரூ.10 லட்சம் வழங்கியது.

அக்காலத்தில் நடைமுறையில் இருந்த ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில், கறவை மாடு அல்லது ஆடு வாங்க மானியத்துடன் தனிநபர் கடன் தரப்பட்டது. இலக்கை எட்டும் அவசரத்தில், தீவனம் உண்டா, பராமரிக்க ஆள் உண்டா என்பதெல்லாம் பல இடங்களில் பின்னுக்குத் தள்ளப்பட்டன. குழுவின் வழி வேறு. யாருக்குக் கடன், எதற்குக் கடன், எப்போது திருப்புவது என்பதை உறுப்பினர்களே தீர்மானித்தனர். ஆடு வாங்கவும் கடன் உண்டு. மருத்துவச் செலவுக்கும் உண்டு.

வங்கி ஏற்ற மூன்று மாற்றங்கள்

சுயஉதவிக் குழுக்களுக்குக் கடன் வழங்குமாறு 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. அந்த ஆண்டு டிசம்பரில், காமசமுத்திரம் பகுதியின் வெங்கடேஸ்வரா மகளிர் சங்கத்துக்கு வைஸ்யா வங்கியின் ஆண்டர்சன்பேட்டைக் கிளை கடன் வழங்கியது. அடுத்த மாதமே கார்ப்பரேஷன் வங்கியின் ஆண்டர்சன்பேட்டைக் கிளையும் மற்றொரு குழுவுக்குக் கடன் அளித்தது. 1992 பிப்ரவரியில், 500 குழுக்களை இணைக்கும் முன்னோடித் திட்டத்துக்கு நபார்டு நெறிமுறைகளை வெளியிட்டது.

பதிவு செய்யப்படாத குழுவுக்கும் கடன்; ஈட்டுப்பிணை இல்லை; தனிநபர்களுக்கன்றி, குழுவுக்கே ஒரே தொகையாகக் கடன் - இம்மூன்றும் வங்கி நடைமுறையில் பெரும் மாற்றங்கள். குழுவைத் திரட்டுவதும், கணக்கு எழுதக் கற்பிப்பதும், வங்கிக்கு அழைத்துச் செல்வதும் தொண்டு நிறுவனத்தின் பணியாயின. தமிழகத்திலும் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரியில் தொடங்கிய மகளிர் திட்டத்தில் தொண்டு நிறுவனங்கள் இதே பணியை ஏற்றன.

2024 மார்ச் இறுதியில் வங்கிகளில் சேமிப்புக் கணக்கு வைத்திருந்த குழுக்கள் 1.4 கோடிக்கும் மேல். அவற்றின் கடன் நிலுவை ரூ.2.5 லட்சம் கோடியைத் தாண்டியது.

தேயும் பங்கு

எண்ணிக்கை பெருகப் பெருக, தொண்டு நிறுவனங்களின் இடத்தை அரசு இயந்திரம் எடுத்துக்கொண்டது. 2011-இல் தொடங்கிய தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் இப்பணியை மாநில அரசு அமைப்புகளிடம் ஒப்படைத்தது. நுண்கடன் துறையை நெறிப்படுத்த 2007-இல் மக்களவையில் அறிமுகமான மசோதா, 2009-இல் அவை கலைக்கப்பட்டதும் காலாவதியானது. 2012-ஆம் ஆண்டு மசோதாவை நிதித்துறை நிலைக்குழு ஏற்கவில்லை. வெளிநாட்டு நன்கொடையை ஒரு நிறுவனம் மற்றொன்றுக்கு மாற்றித் தருவதை 2020-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடை செய்தது. அந்நிதியைப் பெரிய நிறுவனங்கள் வழியாகப் பெற்றுவந்த சிறு அமைப்புகளுக்கு அந்த வழி அடைபட்டது.

தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. முதலில் கடன் தந்த வைஸ்யா வங்கியின் வழிவந்த ஐஎன்ஜி வைஸ்யா 2015-இல் கோட்டக் மஹிந்திராவுடனும், கார்ப்பரேஷன் வங்கி 2020-இல் யூனியன் வங்கியுடனும் இணைந்துவிட்டன. ஆண்டர்சன்பேட்டையில் தொடங்கிய முறை மட்டும் நாடெங்கும் பரவியுள்ளது. ஆட்டுக்குக் கடனா, பிள்ளையின் படிப்புக்கா என்பதை முடிவு செய்யும் உரிமை குழுவிடம் இருந்ததே அதன் வலிமை. மேலிருந்து வரும் இலக்குகள் அந்த உரிமையை விழுங்காமல் காப்பதே, இனி இத்திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் நாடாளுமன்றத்தின் பொறுப்பு.