நிலையான வெளியீட்டுக் கிளைகள்: லினக்ஸ் கெர்னல்

லினக்ஸ் இயக்குதளத்தின் உட்கருவான கெர்னல், ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் பராமரிக்கும் முதன்மைக் கிளையில் புதிய வசதிகளும் வழுத் திருத்தங்களும் கலந்தே சேர்கின்றன. ஆனால் இரவும் பகலும் ஓடவேண்டிய ஒரு வழங்கியை நடத்துபவருக்குப் புதிய வசதி அவசரமில்லை. இருக்கும் பதிப்பிலுள்ள வழுக்கள் நீங்கினால் போதும். இவர்களுக்காக, வெளியான ஒரு பதிப்பைத் தனியாகப் பிரித்துத் திருத்தங்களை மட்டும் அதில் சேர்த்து வருவதே நிலையான வெளியீட்டுக் கிளை.

கெர்னலில் இந்த ஏற்பாடு 2005-ல், 2.6.11 பதிப்பையொட்டித் தொடங்கியது. கிரெக் குரோவா-ஹார்ட்மன், கிறிஸ் ரைட் இருவரும் முதலில் பொறுப்பேற்றனர். பின்னர் சாஷா லெவின் இப்பணியில் இணைந்தார். 6.1.64 என்ற எண்ணுக்கு, 6.1 கிளையின் 64-ஆவது திருத்த வெளியீடு என்று பொருள்.

எந்தத் திருத்தத்தை ஏற்பது என்பதற்கு எழுதப்பட்ட விதிகள் உண்டு. அது உண்மையான வழுவை நீக்க வேண்டும், சோதிக்கப்பட்டிருக்க வேண்டும், சூழ்ந்துள்ள வரிகளையும் சேர்த்து 100 வரிகளுக்கு மேற்படக் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமானது, அத்திருத்தமோ அதற்கு இணையானதோ முதன்மைக் கிளையில் ஏற்கெனவே இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது. இல்லையென்றால், பழைய கிளையில் தீர்ந்த சிக்கல், பயனர் புதிய பதிப்புக்கு மாறும்போது மீண்டும் தலைதூக்கும்.

தேர்ந்தெடுத்த திருத்தங்களின் தொகுப்பு முதலில் சோதனை வெளியீடாக வரும். கருத்துச் சொல்ல வழக்கமாக 48 மணி நேரம் தரப்படும். அதற்குள் நிறுவனங்களும் தன்னார்வலர்களும் தத்தம் கணினிகளில் தொகுத்து, இயக்கி, தானியங்கிச் சோதனைகளை ஓட்டிப் பார்க்கின்றனர். ஒரே வெளியீட்டில் நூற்றுக்கணக்கான திருத்தங்கள் வருவதுண்டு. இரண்டு நாளில் அத்தனையையும் ஒருவர் படித்து முடிப்பது நடக்காத காரியம். யாராவது பார்த்திருப்பார்கள் என்று எல்லோருமே நினைத்துவிடும் ஆபத்து திறந்த மூலத்துக்கு எப்போதும் உண்டு.

2023 நவம்பர் இறுதியில் வந்த 6.1.64 இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. எக்ஸ்ட்4 கோப்பு முறைமைக்கான ஒரு திருத்தம் முதன்மைக் கிளையிலிருந்து அதில் சேர்க்கப்பட்டது. முதன்மைக் கிளையில் அத்திருத்தத்தில் பிழை ஏதுமில்லை. ஆனால் அது 6.5 பதிப்பில் வந்த வேறொரு மாற்றத்தை நம்பியிருந்தது. அந்த மாற்றம் 6.1 கிளையில் இல்லை. விளைவாக, ஒருவகை நேரடி எழுத்துப் பணிக்குப் பின் கோப்பில் அடுத்து எழுதவேண்டிய இடம் சரியாகக் குறிக்கப்படவில்லை. தரவு பழுதாகும் நிலை ஏற்பட்டது. சோதனைக் கட்டத்திலேயே ஒரு தானியங்கிச் சோதனை தோற்றதாகத் தகவல் வந்திருந்தும், காரணம் புலப்படுவதற்குள் வெளியீடு நடந்துவிட்டது. அந்தக் கெர்னலுடன் வரவிருந்த டெபியன் 12.3 கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டு, டிசம்பர் 10 அன்று சரிசெய்த கெர்னலுடன் 12.4 வெளியானது.

இங்கே தவறு திருத்தத்தில் இல்லை. அது பெயர்த்து நடப்பட்ட இடத்தில்தான். கிளைக்கு வயது ஏற ஏற முதன்மைக் கிளையுடன் அதன் இடைவெளியும் கூடுகிறது. மேலோட்டமாகப் பொருந்தும் திருத்தம் உள்ளே எதை நம்பியிருக்கிறது என்று கண்டறிவது அந்த அளவுக்குக் கடினமாகிறது. பழைய கிளை என்றாலே பாதுகாப்பானது என்ற பொது எண்ணம் பாதிதான் உண்மை. ஆறாண்டு வரை நீண்டிருந்த நீண்டகால ஆதரவைப் புதிய கிளைகளுக்கு இரண்டாண்டாகக் குறைப்பதாக 2023-ல் அறிவிப்பு வந்ததற்கு, பராமரிப்பாளர்களின் இந்தச் சுமையும் ஒரு காரணம்.

இப்பணியில் சேர நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சோதனை வெளியீட்டைத் தொகுத்து, தன் கணினியில் இயக்கி, ஒலி, வலையிணைப்பு, உறக்கநிலை போன்றவை முன்போலவே வேலை செய்கின்றனவா என்று பார்த்து, எந்த வன்பொருளில் சோதித்தோம் என்பதையும் குறிப்பிட்டுப் பதில் அனுப்பினால் போதும். அப்படி அனுப்புவோரின் பெயர்கள், சோதித்தவர் என்ற குறிப்புடன் அந்த வெளியீட்டின் பதிவிலேயே இடம்பெறுகின்றன.