பேசாத் தொண்டு

தொண்டு என்றதும் நம் ஜனங்களுக்கு நினைவுக்கு வருவது ஓடியாடிச் செய்யும் காரியந்தான். பந்தியில் பரிமாறுவது, தேர்த் திருவிழாவில் கூட்டத்தை ஒதுக்குவது, மாநாட்டுப் பந்தலில் தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது ஆகியவற்றைத் தொண்டு என்று யாவரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் வாய் திறவாமல் ஓரிடத்தில் நின்று, பிறரையும் வாய் திறவாமல் பார்த்துக்கொள்வது ஒரு தொண்டு என்றால், “அதற்கு ஆள் எதற்கு? ஒரு தூணை நட்டு வைத்தால் போதாதா?” என்று சிலர் கேட்கக்கூடும். போதாது என்பதைச் செங்கற்பட்டு ஜில்லாவாசிகள் 2022-ம் ஆண்டில் கண்கூடாகக் கண்டார்கள்.

அவ்வாண்டு சதுரங்க ஒலிம்பியாட் பந்தயம் ருஷ்யாவில் நடப்பதாக இருந்தது. பிப்ரவரி மாதத்தில் உக்ரேன் யுத்தம் மூண்டதால் அங்கிருந்து மாற்றப்பட்டது. மார்ச் மாதத்தில் அந்தப் பொறுப்பு தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது. 1927-ல் லண்டனில் தொடங்கிய இப்பந்தயம் பாரத நாட்டு மண்ணில் நடந்தது அதுவே முதல் தடவை. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், ஜூலை 29 முதல் ஆகஸ்டு 9 வரையில், பதினொரு சுற்றுக்கள் நடந்தன. பொதுப் பிரிவில் 188 கோஷ்டிகளும் பெண்கள் பிரிவில் 162 கோஷ்டிகளும் வந்திருந்தன. கோஷ்டிக்கு நால்வர் வீதம் ஆடினால், ஒரே சமயத்தில் ஏறக்குறைய 700 பலகைகள், 1,400 மூளைகள்! இத்தனை பேர் சிந்திக்கும் இடத்தில் ஒரு நாற்காலியை இழுத்தாலும் அது இடி முழக்கமாகிவிடும் அல்லவா?

ஓசை மாத்திரமன்று தொல்லை. கோல்ப் பந்தயத்தில் ஆட்டக்காரர் பந்தை அடிக்கத் தயாராகும்போது, கயிற்றோரம் நிற்கும் தொண்டர்கள் இரு கைகளையும் உயர்த்துவார்கள். கூட்டம் முழுவதும் மௌனமாகிவிடும். அங்கே சத்தம் கவனத்தைத்தான் கெடுக்கும். சதுரங்கத்திலோ ஒரு சொல் உதவியாகவும் ஆகிவிடலாம். வேடிக்கை பார்க்கும் ஒருவர் ஆர்வம் தாங்காமல், “குதிரை, குதிரை!” என்று முணுமுணுத்தால், அது எதிராளியின் உழைப்பைக் களவாடிக் கொடுத்ததற்குச் சமானம். அதனாலேயே பார்வையாளர் எந்த ஆட்டத்தைப் பற்றியும் பேசக்கூடாதென்று சர்வதேசச் சதுரங்க விதிகள் கூறுகின்றன. நடுவரின் அனுமதியின்றிக் கைபேசியை உபயோகிக்கவும் கூடாது. ஆட்டத்தைப் பற்றிய தீர்ப்பெல்லாம் நடுவர்களுடையது. தொண்டருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அவருடைய ஆயுதங்கள் இரண்டே: உதட்டின்மேல் வைத்த ஒரு விரல், முகத்தில் ஒரு புன்னகை.

நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் அங்கே தொண்டராக நின்றார். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் தினந்தோறும் போய் வந்தவர். “எந்த ஆட்டத்தைப் பார்த்தாய்?” என்று கேட்டோம். “ஆட்டத்தை எங்கே ஸார் பார்த்தேன்? ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்களின் முகத்தைத்தான் பார்த்தேன். நம்மவர் ஜயிக்கிறாரா, தோற்கிறாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும்” என்றார். பரீட்சை மண்டபத்தில் மூன்று மணி நேரம் காவல் நிற்கும் உபாத்தியாயர்களாகிய நமக்கு இந்தப் பதிலின் அருமை நன்றாக விளங்கிற்று. சதுரங்கத்தின் மேலுள்ள ஆசையால் வந்த பிள்ளை, சதுரங்கத்தைப் பாராமல் நிற்பது சாமானியமான தியாகமன்று.

இதைவிடக் கடினமான சோதனை ஒன்று உண்டு. ஆகஸ்டு 8-ந் தேதி, பத்தாவது சுற்றில், இந்தியாவின் இரண்டாவது கோஷ்டி உஸ்பெகிஸ்தானை எதிர்த்து ஆடியது. முதற் பலகையில் சென்னைச் சிறுவன் குகேஷுக்கு வயது 16. எதிரே அமர்ந்த அப்துஸத்தாரோவுக்கு வயது 17. வெற்றி பெறும் நிலையில் இருந்த குகேஷ், நேர நெருக்கடியில் தவறாக நகர்த்தித் தோல்வியுற்றார். பிரக்ஞானந்தாவின் வெற்றியால் பந்தயம் இரண்டுக்கு இரண்டு என்று சமமாயிற்று. இத்தகைய வேளையில் நம் நெஞ்சு துடிக்கத்தான் செய்யும். ஆனால் தேசாபிமானமுள்ள தொண்டர் அப்போது என்ன செய்ய வேண்டும்? உஸ்பெக் சிறுவனின் சிந்தனைக்கும் நம் சிறுவனுக்குக் காட்டும் அதே மரியாதையைக் காட்டிச் சும்மா நிற்க வேண்டும். நம் வீட்டில் ஆடி, நம் கூச்சலால் ஜயித்தார்கள் என்ற பேச்சு வந்தால், அந்த வெற்றி நமக்கு எதற்கு?

முடிவில் உஸ்பெகிஸ்தான் தங்கம் பெற்றது. பெண்கள் பிரிவில் தங்கம் பெற்றது, யுத்தத்தில் அல்லலுற்ற உக்ரேன். நமக்கு இரு பிரிவுகளிலும் வெண்கலம். முதற் பலகையில் ஆடியவர்களுள் சிறந்தவர் என்ற தங்கப் பதக்கம் குகேஷுக்கே கிடைத்தது. 2024-ல் புடாபெஸ்ட் நகரில் இரு பிரிவுகளிலும் பாரதமே தங்கம் வென்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஸிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியனானார். பூஞ்சேரியில் உதட்டில் விரல் வைத்து நின்றவர்களால்தான் இவை விளைந்தன என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் அமைதியான களத்தில் தோற்றுப் பழகியவனுக்கே எந்த நாட்டுக் களத்திலும் வெல்லும் திடம் வரும் என்பது நிச்சயம்.

1901-ல் கல்கத்தாக் காங்கிரஸுக்குச் சென்ற காந்தியடிகள், மேடையைத் தேடிப் போகவில்லை. கடிதங்களுக்குப் பதில் எழுதும் குமாஸ்தா வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். துடைப்பம் எடுத்துக் கக்கூஸையும் தாமே சுத்தம் செய்தார். கண்ணில் படாத தொண்டே தேசத்தைத் தாங்கும் தொண்டு என்பதை அவர் அன்றே காட்டிவிட்டார்.

மாமல்லபுரத்து அர்ஜுனன் தபசுச் சிற்பத்தில், முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனை ஒன்றை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் எலிகள். அந்தப் பூனையும் அசையாமல்தான் நிற்கிறது. ஆனால் அதன் மௌனம் தன் வயிற்றுக்காக. பிறர் சிந்திக்க வேண்டும் என்பதற்காக மௌனமாக நிற்பதே உண்மையான தவம். அடுத்த முறை நம் ஊருக்கு ஒரு பந்தயம் வரும்போது, நம் வீட்டுப் பிள்ளைகளைப் பார்வையாளராக அனுப்பினால் மட்டும் போதாது. இரண்டு நாளாவது தொண்டராகவும் அனுப்பி வைப்போமாக.