அச்சில் வார்த்த முரசடி

புன்னைக்காயலிலிருந்து நாள்தோறும் எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், ஒரு மாலை மடிக்கணினியுடன் இயற்பியல் ஆய்வுக்கூட வாயிலில் நின்றார். "சார், போன்ல கேட்டப்ப நல்லா இருந்துச்சு. கடற்கரையில பெரிய பாக்ஸ்ல போட்டதும் எல்லாம் குழம்பிப் போச்சு" என்றார். பழைய பாணி ஹிப் ஹாப் இசையில் அவருக்குப் பெருவிருப்பம். நண்பர்கள் தமிழில் எழுதும் சொற்களுக்குத் தாளம் அமைப்பது அவர் பொறுப்பு. விடுமுறையில் படகுக்குப் போய்ச் சேர்த்த பணத்தில், ஆயிரக்கணக்கான முரசொலிகள் அடங்கிய மாதிரித் தொகுப்பு ஒன்றை வாங்கியிருந்தார். முதல் அரங்கேற்றம் சொதப்பிவிட்டது. மறு வாய்ப்புக்கு மூன்று வாரம் இருந்தது. வேறு தொகுப்பு வாங்க வேண்டுமா என்பதே அவர் கேள்வி.

இக்கேள்விக்கு விடை கூறுமுன், மாதிரி என்பது என்ன என்று பார்ப்போம். புன்னைக்காயல் வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' 1586ஆம் ஆண்டில் இவ்வூரில்தான் அச்சிடப்பட்டது என்று அச்சு வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. ஏட்டில் எழுதுபவர் ஒவ்வொரு 'க'வையும் புதிதாகக் கீறுகிறார். ஒன்றைப் போல் மற்றொன்று இராது. அச்சுக்கோப்பவரோ ஒருமுறை வார்த்த 'க'வை எடுத்து, வேண்டிய இடத்திலெல்லாம் வைக்கிறார். முரசின் ஒரே ஓர் அடியைப் பதிந்துகொண்டு, தாளத்தில் வேண்டிய இடத்தில் எல்லாம் அதையே வைப்பதுதான் மாதிரி இசை. தொகுப்பு என்பது அச்சுக்கூடத்தின் எழுத்துப்பெட்டி.

இம்முறை ஹிப் ஹாப்புக்கு வந்த கதை சுவையானது. 1973இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்பவர், பாட்டு ஓய்ந்து முரசு மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளை, ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை மாறிமாறி ஓட்டி நீட்டினார். அப்போது கையே கருவி. 1980இல் ரோலண்டு நிறுவனத்தின் டி.ஆர். 808 வந்தது. இதில் பதிந்த ஒலி ஏதும் கிடையாது. மின்சுற்றுகளே முரசொலியை உண்டாக்கின. 1987இல் வந்த எஸ்.பி. 1200 என்ற கருவிதான் நம் கதைக்கு முக்கியமானது. இசைத்தட்டிலிருந்து ஓர் அடியைப் பிடித்து எண்களாக்கி வைத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இருந்தது.

ஒலியை எண்களாக்குவது எப்படி? மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தத்தைச் சீரான இடைவெளியில் அளந்து குறித்துக்கொண்டே போக வேண்டும். எஸ்.பி. 1200 விநாடிக்கு 26,040 முறை அளந்தது. ஒவ்வோர் அளவையும் 12 பிட்டில், அதாவது 4,096 படிகளில் ஏதோ ஒன்றாகக் குறித்தது. இன்றைய குறுந்தட்டுத் தரத்தில் விநாடிக்கு 44,100 அளவுகள், படிகள் 65,536. பிட் ஒன்று கூடினால் இரைச்சல் சுமார் 6 டெசிபல் தணியும். ஆகவே 12 பிட் கருவியில் இரைச்சல், குறுந்தட்டில் உள்ளதைவிட சுமார் 24 டெசிபல் மேலே நிற்கும். அந்த மெல்லிய மணல் உரசல்தான் பழைய பாணியின் வாசனை.

இன்னொன்றும் உண்டு. திரைப்படத்தில் முன்னே ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். படச்சட்டங்கள் போதிய விரைவில் எடுக்கப்படாததால் வரும் மயக்கம் அது. ஒலியிலும் இதே மயக்கம் உண்டு. அளக்கும் வேகத்தில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்கள், இங்கே 13,020 ஹெர்ட்சுக்கு மேற்பட்டவை, கருவிக்குள் நுழைந்தால் இல்லாத அதிர்வெண்களாக வேடமிட்டு வெளிவரும்.

அக்கருவியின் நினைவகத்தில் மொத்தம் சுமார் 10 விநாடிகளே அடங்கின. இளைஞர்கள் இதற்கு ஒரு தந்திரம் கண்டார்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டை 45 சுற்றில் ஓட்டிப் பதிந்தார்கள். பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். 45ஐ 33⅓ஆல் வகுத்தால் 1.35. பத்து விநாடி இடத்தில் பதின்மூன்றரை விநாடி ஒலி! சுருதியை ஐந்து அரைச்சுரத்துக்குச் சற்று மேல் இறக்க வேண்டும். இறக்கும்போது கருவி இடைப்பட்ட மதிப்புகளைக் கணக்கிடாமல், கையிலிருக்கும் எண்களையே திரும்பச் சொல்லி ஒப்பேற்றியது. அதனால் எழுந்த வெண்கலச் சாயல் ஒரு குறை. ஆனால் அந்தக் குறையைத்தான் இன்று காசு கொடுத்து வாங்குகிறோம்.

இங்கேதான் தொகுப்பு வாங்குவோர் முதலில் ஏமாறுகிறார்கள். 'பழைய பாணி' என்று விற்கப்படும் தொகுப்புகள் பலவற்றில் இந்த மணலை முன்கூட்டியே தூவியிருப்பார்கள். நம் மென்பொருளில் மறுபடியும் 12 பிட் விளைவைப் போட்டால் மணல் மீது மணல். ஆகவே சுத்தமாகப் பதிந்த ஒற்றை அடிகள், சுருக்கப்படாத வேவ் கோப்பாக உள்ள தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். கெடுப்பது எப்போதும் எளிது. கெட்டதைத் திருத்துவது அரிது. ஐயாயிரம் ஒலி என்ற விளம்பரத்துக்கும் மயங்க வேண்டாம். பெரும்பாலும் ஒரே அடியின் உடன்பிறப்புகளாகவே இருக்கும்.

மாணவரின் சிக்கலுக்கு வருவோம். ஆழமான பாஸ் டிரம் ஒன்றின் அடிப்படை அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்போம். காற்றில் அதன் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். கைப்பேசியின் சுண்டுவிரல் ஒலிபெருக்கி இதை எழுப்ப இயலாது. கோல் தோலில் படும் 'டக்' ஓசை மட்டுமே அதில் வரும். தொகுப்பைக் கைப்பேசியில் கேட்டே தேர்ந்தெடுத்த மாணவர், கனம் போதவில்லை என்று மூன்று பாஸ் டிரம்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார். கடற்கரையில் பெரிய பெட்டியில் போட்டதும், மறைந்திருந்த ஆழ ஒலி மூன்றும் ஒருசேர எழுந்தன.

அதிலும் இரு கேடுகள். நிமிடத்துக்கு 90 அடி என்றால் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் 0.67 விநாடி. 808 வகை முரசின் வால் ஒரு விநாடிக்கு மேலும் நீளக்கூடும். முன்னதன் வால் பின்னதன் தலைமேல் விழும். மேலும் 50 ஹெர்ட்ஸ் அலையின் அலைவு நேரம் 20 மில்லி விநாடி. அடுக்கிய இரு முரசுகளில் ஒன்று 10 மில்லி விநாடி பிந்தினால் ஒன்றின் முகடு மற்றொன்றின் பள்ளத்தில் விழுந்து, இரண்டும் சேர்ந்து மௌனமாகும். காசு கொடுத்து வாங்கிய மௌனம்! மாணவரின் கோப்பில் இரண்டு முரசுகளை நீக்கி, எஞ்சியதன் வாலை அரை விநாடிக்கு வெட்டினோம். வேறு தொகுப்பு தேவைப்படவில்லை.

நம் நாட்டு முரசுகளைச் சேர்க்க விரும்புவோர் இன்னொன்றை நினைவில் கொள்ள வேண்டும். சீரான தோலின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்ற ஒழுங்கற்ற விகிதத்தில் வருபவை. தப்பின் ஒலியில் திட்டவட்டமான சுருதி தெரியாததற்கு இதுவே காரணம். எந்தப் பாட்டோடும் அது ஒட்டும். மிருதங்கம் அப்படியன்று. வலந்தலையின் நடுவிலுள்ள கருப்புப் பூச்சு அந்த விகிதங்களை 1, 2, 3, 4, 5 என்று ஒழுங்குபடுத்துகிறது. இதை சி. வி. ராமன், சிவகாளி குமாருடன் இணைந்து 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934இல் விரிவாக விளக்கினார். ஆகவே மிருதங்க மாதிரிக்குச் சுருதி உண்டு. கோப்பின் பெயரில் சுருதி குறிக்கப்படாத மிருதங்கத் தொகுப்பை நான் வாங்கமாட்டேன்.

உரிமை பற்றியும் ஒரு சொல். 1969இல் வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட 'ஆமென், பிரதர்' பாடலில் கிரிகரி கோல்மன் அடித்த ஆறேழு விநாடி முரசு, எண்ணற்ற பாடல்களில் அச்செழுத்தாயிற்று. அவருக்கு அதனால் ஒரு காசும் கிடைக்கவில்லை. 2006இல் வீடற்றவராக இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்டு ஸ்பென்சருக்கு 2015இல் இசை அன்பர்கள் 24,000 பவுன் திரட்டித் தந்தார்கள். நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்குரிய காப்பு 60 ஆண்டுகள். பழைய தட்டிலிருந்து வெட்டிய அடிகளை ஒருவர் விற்பதனாலேயே அவை உங்களுக்கு உரிமையாகிவிடா. ஒலிகளைத் தாமே அடித்துப் பதிந்ததாக விற்பவர் எழுத்தில் சொல்கிறாரா என்று பாருங்கள்.

நீங்களே அடித்துப் பதிந்தால் இந்தக் கவலையும் இல்லை. மாணவரும் அவர் நண்பர்களும் தப்படிக்கும் அன்பர் ஒருவரை அழைத்து வந்தார்கள். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்திருந்தது. வைக்கோல் தீயில் காய்ச்சியதும் சுருதி ஏறிற்று. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், சுருதி இரட்டிக்க இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். அந்த இறுக்கம் சில நிமிடங்களே நிற்கும். அதற்குள் பதிந்துவிட வேண்டும். போர்வைகள் தொங்கவிட்ட சிறு அறையில், மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்து, நடுவில், விளிம்பில், மென்மையாக, பலமாக என்று இருபது அடிகள் பதிந்தார்கள். அவற்றில் ஐந்து தேறின.

இப்போது அவருடைய எழுத்துப்பெட்டியில் பதினொரு ஒலிகள் இருக்கின்றன: விலைக்கு வாங்கியவை ஆறு, தப்பு ஐந்து. தப்பொலி ஒன்றின் கடைசியில் ஒரு காக்கை கரைந்திருக்கிறது. ஐந்து அரைச்சுரம் இறக்கியபின் அது காக்கை என்று யாருக்கும் தெரிவதில்லை.