போலி வீடியோவை அனுப்பவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம்

தேர்தல் நேரத்தில் வேட்பாளர் ஒருவரின் முகத்தையும் குரலையும் வைத்துச் செய்த டீப்ஃபேக் வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தால், பலரும் 'இது பொய், நம்பாதீங்க' என்று எழுதி நாலு குழுவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அல்லது எரிச்சலில் அழித்துவிடுகிறார்கள். முதலாவது பொய்யைப் பரப்புகிறது, இரண்டாவது ஆதாரத்தை ஒழிக்கிறது. புதுச்சேரியின் 30 தொகுதிகளுக்கும் சேர்த்து வாக்காளர்கள் சுமார் 10 லட்சம்தான். சில நூறு ஓட்டில் வெற்றி தோல்வி மாறக்கூடிய இடத்தில் இந்த அலட்சியம் ஆபத்தானது.

2018இல் மறைந்த கருணாநிதி, செயற்கை நுண்ணறிவின் உதவியால் 2024 ஜனவரியில் சேலம் தி.மு.க. இளைஞரணி மாநாட்டுத் திரையில் பேசினார். அடுத்த மாதமே, மறைந்த ஜெயலலிதாவின் குரலை அதே முறையில் உருவாக்கி அ.தி.மு.க. வெளியிட்டது. இதில் யார் ஏமாந்தார்கள் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் உயிரோடிருக்கும் வேட்பாளர், வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு 'போட்டியிலிருந்து விலகிவிட்டேன்' என்று சொல்வதுபோல வீடியோ வந்தால், மறுநாள் காலைக்குள் யார் மறுத்து முடிப்பது? அதற்காகத்தான் 2025 அக்டோபர் 24 அன்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் விதி வகுத்தது: செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியது என்ற அறிவிப்பு, திரையில் குறைந்தது 10 சதவீத இடத்தில் தெரிய வேண்டும், ஒலிப்பதிவானால் முதல் 10 சதவீத நேரத்தில் கேட்க வேண்டும், தயாரித்தவர் பெயர் இருக்க வேண்டும். கட்சியின் அதிகாரப்பூர்வக் கணக்கில் ஏமாற்றும் பதிவு இருந்தால், கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும்.

கவனத்துக்கு வந்தது எப்போது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எனவே தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலரிடமோ, மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடமோ எழுத்தில் புகார் கொடுங்கள். நகலில் முத்திரை, தேதியோடு நேரத்தையும் எழுதி வாங்குங்கள். 'மேலே அனுப்பிட்டோம், போங்க' என்ற வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். அந்தக் கட்சிக்கும் மின்னஞ்சலில் நகல் அனுப்பினால் நேரம் தானாகப் பதிவாகும். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியை மட்டும் நம்ப வேண்டாம்: அதில் அங்கேயே பதிவுசெய்வதுதான் ஏறும், போனில் ஏற்கெனவே இருப்பது ஏறாது. புகாரில் அனுப்பிய எண், குழுவின் பெயர், வந்த நேரம், பொதுவெளிப் பதிவானால் அதன் இணைப்பு ஆகியவற்றை எழுதுங்கள். மறுபடியும் சொல்கிறேன், யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

இது வெறும் அறிவுரை, தண்டனை எங்கே என்பார்கள். ஒரு வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றியோ, அவர் விலகியது பற்றியோ இன்னொரு வேட்பாளரோ, அவரது முகவரோ, அவர்கள் சம்மதத்தோடு வேறொருவரோ தெரிந்தே பொய் பரப்புவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4) பிரிவின்படி முறைகேடு. வென்றவரோ, அவரது முகவரோ, அவர் சம்மதத்தோடு வேறொருவரோ அதைச் செய்தது நிரூபணமானால் வெற்றியே செல்லாமல் போகலாம். முடிவு வந்த 45 நாளுக்குள் தொகுதி வாக்காளர் எவரும் சென்னை உயர்நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். அங்கே மின்னணு ஆதாரத்துக்கு, பாரதிய சாட்சியச் சட்டம் 63(4) பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள். அதனால் மூலச் செய்தி வந்த போனை அதுவரை விற்காதீர்கள், மாற்றாதீர்கள்.