அறுபத்து மூன்றாம் நாள்

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். கருமுட்டை வெளிவந்த நாளிலிருந்து எண்ணினால் இந்தக் கணக்கு அதிகம் பிசகுவதில்லை. ஆனால் வீட்டுக்காரர்களுக்குத் தெரிவது இணைசேர்ந்த நாள் மட்டும்தான். ஆண் நாயின் விந்து பெட்டையின் உடலுக்குள் பல நாள் உயிரோடு காத்திருக்கும். அதனால் இணைசேர்ந்த நாளிலிருந்து எண்ணும்போது 57ஆம் நாளும் குட்டி வரலாம், 70ஆம் நாளும் வரலாம். நாள்காட்டியில் ஒரு தேதியை வட்டமிட்டு வைத்துக்கொண்டு பதறுவதைவிட நாயின் உடலைப் பார்ப்பது நல்லது. உடல் தேதியைவிடத் திருத்தமாகச் சொல்லும்.

சினை பிடித்ததா என்பதை நான்காவது வாரத்தில் ஸ்கேன் காட்டிவிடும். எத்தனை குட்டி என்பதற்கு 55 நாளுக்குமேல் எடுக்கும் எக்ஸ்ரேதான் நம்பகமானது. அதற்குள் குட்டிகளின் எலும்பு கெட்டிப்பட்டிருக்கும், மண்டையோடுகளையும் முதுகெலும்புகளையும் எண்ணிவிடலாம். இந்த எண்ணிக்கை வெறும் ஆவலுக்கானதல்ல. ஆறு குட்டி என்று தெரிந்தால்தான் ஐந்தோடு நின்றுபோன பிரசவம் முடிந்ததா, தடைப்பட்டதா என்று சொல்ல முடியும். ஒற்றைக் குட்டி என்று தெரிந்தால் கூடுதல் கவனம் தேவை. பிரசவத்தைத் தொடங்கிவைக்கும் சமிக்ஞை குட்டிகளின் உடலிலிருந்துதான் போகிறது. ஒன்றே ஒன்று இருந்தால் சமிக்ஞை வலுவாக இராது, வயிற்றில் இடம் தாராளமாக இருப்பதால் அந்தக் குட்டி பெரிதாகவும் வளர்ந்துவிடும்.

மும்பையின் வடகிழக்கில், காஞ்சூர்மார்க்குக்கும் நாஹூருக்கும் நடுவே இருக்கும் பாண்டுப்பில், குறிப்பாக டெம்பிபாடா, காவ்தேவி பக்கத்துச் சால் எனப்படும் ஒண்டுக்குடித்தன வீடுகளில், நாய்க்கென்று தனி அறை ஒதுக்குவது நடக்கிற காரியமல்ல. தேவையும் இல்லை. நாய் கேட்பது அகலத்தையல்ல, மறைவைத்தான். கட்டிலுக்கு அடி, தையல் மிஷினுக்குப் பின்புறம், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் முக்கோண இடம் எல்லாமே போதும். டிவி வந்த பெரிய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாய் தாண்டும் உயரத்துக்கும் குட்டி தாண்டாத உயரத்துக்கும் வெட்டி, உள்ளே பழைய செய்தித்தாளை அடுக்கிப் பருத்தித் துணி விரித்தால் பிரசவ அறை தயார். நைலான் துணி வேண்டாம், நகம் மாட்டிக்கொள்ளும். மலைச்சரிவில் உள்ள வீடுகளில் மழைக்காலத்தில் தரையே வியர்ப்பதுபோல ஈரம் கசியும். பெட்டிக்கு அடியில் ஒரு பலகையைக் கொடுத்துத் தூக்கி வைக்க வேண்டும். ஒரு வாரம் முன்பே நாயை அதில் படுத்துப் பழக்க வேண்டும். இவ்வளவு செய்த பிறகும் அது துவைக்கப் போட்ட துணிக்குவியலில் போய்க் குட்டி போட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கடைசி வாரத்தில் காலையும் மாலையும் ஆசனவாயில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துச் சூட்டைக் குறித்துவருவது பழைய, ஆனால் பலிக்கிற உத்தி. நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. சினையைக் காத்துவந்த புரோஜெஸ்டிரான் என்ற இயக்குநீர் கடைசியில் சட்டென்று குறையும். கூடவே சூடும் 99 டிகிரிக்குக் கீழே இறங்கும். அது இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பிரசவம் தொடங்கும். சில மணி நேரத்தில் சூடு மறுபடி ஏறிவிடும் என்பதால் ஒருவேளை அளக்கத் தவறினாலும் அந்த இறக்கம் கண்ணில் படாமலே போய்விடலாம்.

பிரசவத்தின் முதல் கட்டம் வெளியே தெரியாமல் நடக்கிறது. கருப்பை சுருங்கத் தொடங்கும், அதன் வாய் மெல்லத் திறக்கும். பார்ப்பவர் கண்ணுக்குப் படுவதெல்லாம் நாயின் நிலைகொள்ளாமை: மூச்சிரைக்கும், நடுங்கும், துணியைக் காலால் பறிக்கும், தட்டில் வைத்த சோற்றைத் திரும்பியும் பாராது. தன் பின்புறத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். சில நாய்கள் வாந்தியெடுக்கும். சில, வீட்டில் தனக்கு மிகவும் பிடித்தவரை விட்டு அகலாது. சில, யாரையும் கிட்டே அண்டவிடாது. 6 முதல் 12 மணி நேரம் இப்படிப் போகும். முதல் பிரசவமானால் 24 மணி நேரம்கூட ஆகலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் கூடுவதும், கைப்பேசி விளக்கை அடிப்பதும் இந்தக் கட்டத்தில்தான். பயந்த நாய் பிரசவத்தையே நிறுத்திவைக்கும். விளக்கைக் குறைத்து, கதவைச் சாத்தி, ஒரே ஒருவர் மட்டும் எட்ட உட்கார்ந்திருப்பதே செய்யக்கூடிய பெரிய உதவி.

இரண்டாம் கட்டம் வந்தால் சந்தேகமே இராது. நாய் ஒருக்களித்துப் படுத்தோ மலங்கழிக்கக் குந்துவதுபோலக் குந்தியோ வயிறு ஒடுங்கும்படி முக்கும். கொஞ்சம் தெளிந்த நீர் கசியும். பிறகு பின்புறத்தில் சாம்பல் நிறத்தில் பளபளவென்று ஒரு குமிழ் தலைகாட்டும், உள்ளே போகும், மறுபடி வரும். அதுதான் பனிக்குடம். அடுத்த ஓரிரு முக்கலில் அது வழுக்கிக்கொண்டு வந்து துணியில் விழும், உள்ளே ஈரமான எலிபோல ஒரு குட்டி. தாய் உடனே திரும்பிப் பல்லால் அந்தச் சவ்வைக் கிழிக்கும், தொப்புள்கொடியைக் கடித்துத் துண்டிக்கும், நாக்கால் குட்டியைப் புரட்டிப் புரட்டி நக்கும். பார்ப்பவருக்கு முரட்டுத்தனமாகத் தோன்றும் அந்த நக்கல்தான் குட்டியின் மூக்கடைப்பை நீக்கி முதல் மூச்சை வரவழைக்கிறது. கீச்சென்று ஒரு சத்தம் கேட்கும். சில குட்டிகள் தலை முன்னே வராமல் பின்னங்கால் முன்னே நீட்டியபடி வரும். பத்துக் குட்டியில் நாலு இப்படி வருவது நாய்களுக்கு இயல்பே. இதைப் பார்த்து அலற வேண்டாம்.

முதல் பிரசவத்தில் திகைத்துப்போய்ச் சவ்வைக் கிழிக்காமல் விட்டுவிடும் தாய்களும் உண்டு. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மனிதக் கை இறங்க வேண்டியதுதான். முகத்தின் பக்கமாகச் சவ்வைக் கிள்ளிக் கிழித்து, வாயையும் மூக்கையும் துடைத்து, தலை சற்றே தாழ்ந்திருக்கும்படி பிடித்துக்கொண்டு பழைய டவலால் முதுகை அழுத்தித் தேய்க்க வேண்டும். குட்டியைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது மூளையில் காயத்தை உண்டாக்கும். தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நூலால் கட்டி, கொதிநீரில் போட்டெடுத்த கத்தரியால் கட்டுக்கு வெளியே வெட்டி, நுனியில் அயோடின் மருந்தைத் தொட்டு வைத்தால் போதும். மஞ்சளும் சாம்பலும் வேண்டாம்.

ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, உண்டு. குட்டியோடு ஒட்டியோ கால் மணி நேரத்துக்குள்ளோ அது வரும். இரண்டு குட்டிகள் வந்தபின் இரண்டு நஞ்சும் சேர்ந்து விழுவதும் உண்டு. கரும்பச்சை நிறத்தில் இருக்கும். தாய் அதைத் தின்னும். ஒன்றிரண்டு தின்றால் கெடுதல் இல்லை, எல்லாவற்றையும் தின்றால் மறுநாள் வயிற்றால் போகும். எத்தனை குட்டி, எத்தனை நஞ்சு என்று ஒரு தாளில் நேரத்தோடு குறித்துக்கொண்டு வருவது பின்னால் மருத்துவருக்கு மிகவும் பயன்படும்.

குட்டிக்கும் குட்டிக்கும் நடுவே பொதுவாக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவெளி. நடுவில் தாய் முக்காமல், வந்த குட்டிகளுக்குப் பால் கொடுத்தபடி இரண்டு மணி நேரம் ஓய்வெடுத்தாலும் கவலையில்லை. கவலை எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் விடாமல் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை என்றால், உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணி நேரத்துக்குமேல் ஒன்றும் நடக்கவில்லை என்றால், பாதி வெளிவந்த குட்டி சிக்கி நின்றால், முதல் குட்டி வரும் முன்பே பச்சைநீர் கசிந்தால், ரத்தம் கொட்டினால், தாய் துவண்டு விழுந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பச்சைநீருக்கு ஒரு விளக்கம்: நஞ்சு கருப்பைச் சுவரிலிருந்து பிரியும்போதுதான் அந்த நிறம் வெளிவரும். குட்டி வந்தபின் அது இயல்பு. முன்பே வந்தால், உள்ளிருக்கும் ஏதோ ஒரு குட்டிக்குத் தாயிடமிருந்து வரும் பிராணவாயு நின்றுவிட்டது என்று பொருள்.

இந்த நேரத்தில் தெரிந்த கம்பவுண்டரைக் கூப்பிட்டு ஆக்ஸிடோசின் ஊசி போடச் சொல்வது ஆபத்தான அவசரம். வழி அடைபட்டிருக்கும்போது கருப்பையை மேலும் சுருங்கச் செய்தால் அது கிழிந்துபோகும். அடைப்பு இல்லை என்று பார்த்து உறுதிசெய்த கால்நடை மருத்துவர்தான் அதைப் போடலாம். சிசேரியன் தேவையா என்பதும் அவர் சொல்ல வேண்டியதே. புல்டாக், பிரெஞ்சு புல்டாக் போன்ற இனங்களில் பெரும்பாலான பிரசவம் அறுவையில்தான் முடிகிறது. குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு குறுகல். 2003இல் வந்த ஹட்ச் கைப்பேசி நிறுவன விளம்பரத்தில் தோன்றிய பிறகு மும்பை அடுக்குமாடிகளில் பெருகிய பக் நாய்க்கும் இதே சங்கடம் உண்டு. தெருவில் திரியும் நாட்டு நாய்க்கு மனிதன் முகத்தை நசுக்கி வடிவமைக்காததால் இந்தத் தொல்லை அபூர்வம்.

பாண்டுப்வாசிகள் முன்கூட்டியே யோசிக்க வேண்டிய ஒன்று, வண்டி. மும்பையின் பழைய, பெரிய விலங்கு மருத்துவமனையான பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனை பரேலில் இருக்கிறது. 1886இல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் பரேலில்தான். ஆனால் ஆட்டோ சயானைத் தாண்டித் தென்மும்பைக்குள் போக அனுமதியில்லை. நள்ளிரவில் முக்கும் நாயோடு சயானில் இறங்கி டாக்ஸி தேடும் நிலை வரக் கூடாது. முலுண்ட், செம்பூர் பக்கங்களில் இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, நாயை ஏற்றிக்கொள்ளும் ஓட்டுநர் யார் என்பதை 55ஆம் நாளுக்குள் விசாரித்து, எண்களைச் சுவரில் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

பிரசவம் முடிந்தபின் முதல் வேலை பால். முதல் ஒரு நாளில் சுரக்கும் சீம்பாலில்தான் குட்டிக்கு வேண்டிய நோயெதிர்ப்புப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றை உறிஞ்சும் திறன் குட்டியின் குடலுக்கு முதல் 24 மணி நேரத்துக்குமேல் இராது. வலுவான குட்டிகள் முட்டித் தள்ளிவிட்டு நல்ல காம்பைப் பிடித்துக்கொள்ளும். சோனிக் குட்டியைக் கையால் எடுத்துப் பின்பக்கத்துக் காம்பில் வைக்க வேண்டும், பால் அங்கேதான் அதிகம். தாய் இறந்துபோனாலோ பால் இல்லாவிட்டாலோ பசும்பால் ஈடாகாது: நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கடையில் நாய்க்குட்டிக்கென்றே பால்பவுடர் கிடைக்கிறது.

அடுத்தது சூடு. பிறந்த குட்டிக்கு நடுங்கத் தெரியாது. தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் முடியாது. முதல் வாரம் பெட்டிக்குள் 30 டிகிரி செல்சியஸ் அளவு வெதுவெதுப்பு இருக்க வேண்டும். மே மாத மும்பையில் அது தானாகவே கிடைக்கும். ஜனவரி இரவிலும் ஜூலை மழையிலும் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வைக்கலாம். மின்விசிறி நேராக அடிக்கக் கூடாது. குளிர்ந்துபோன குட்டியின் வாயில் பாலை ஊற்றவும் கூடாது. முதலில் சூடேற்ற வேண்டும், அதன் பிறகுதான் அதற்குச் செரிக்கும்.

சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் குட்டிகளை நிறுப்பதைவிட நல்ல பரிசோதனை இல்லை. எடை தினமும் ஏறி, எட்டுப் பத்து நாளில் பிறந்ததைப்போல இரு மடங்காக வேண்டும். எடை ஏறாமைதான் கோளாறின் முதல் அறிகுறி, கத்தல் பிறகுதான் வரும். குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கவும் தெரியாது. தாய் நக்கித் தூண்டினால்தான் போகும். கண் 10 முதல் 14 நாளில் திறக்கும், காது சற்றுப் பின்னால்.

தாய்க்கு வரக்கூடிய ஒரு பெரிய ஆபத்து பெரும்பாலும் பிரசவம் முடிந்து இரண்டு, மூன்று வாரம் கழித்து வருகிறது. பால் வழியாகச் சுண்ணாம்புச் சத்து வேகமாக வெளியேறுவதால் ரத்தத்தில் அது குறைந்து, நாய் கால் விறைத்து நடக்கும், நடுங்கும், வலிப்புக்கூட வரும். சிறிய இன நாய்களில் இது அதிகம். சில மணி நேரத்தில் உயிர் போகலாம் என்பதால் குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இதைத் தடுக்கலாம் என்று சினைக்காலம் முழுக்கக் கால்சியம் டானிக் ஊற்றுகிறார்கள். விளைவு நேர்மாறு: வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கொடுக்கும் வேலையை உடல் மறந்துவிடுகிறது. சினைக்காலத்தின் கடைசி மூன்று வாரமும் பால் கொடுக்கும் காலமும் நாய்க்குட்டிக்கான சத்துணவையே தாய்க்குப் போடுவது போதும். முலை கல்லாய் இறுகிச் சிவந்தாலோ, கசிவு நாற்றமெடுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அதுவும் மருத்துவரின் வேலை. வாடையில்லாத பழுப்புக் கசிவு சில வாரம் நீடிப்பது இயல்பு.

வீட்டு நாயைவிடத் தெரு நாயின் பிரசவத்தைத்தான் பாண்டுப் அதிகம் பார்க்கிறது. மழை ஓய்ந்து குளிர்காலம் முடிவதற்குள் படிக்கட்டுக்கு அடியிலும், நிறுத்திவைத்த வண்டியின் கீழும், கட்டுமான மணல்மேட்டிலும் குட்டிகளின் சத்தம் கேட்கும். மனிதர் நடமாட்டத்துக்குப் பக்கத்திலேயே தாய்நாய் வளை தேடுகிறது என்பதைக் கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அதே குழு 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட கணக்கில், பெரியவையாக வளர்ந்து பிழைத்தவை நூற்றுக்கு 19 மட்டுமே. இறப்புகளில் 63 சதவீதத்துக்கு மனிதர்கள் ஏதோ ஒரு வகையில் காரணம். ஆக, சோற்றுக்கும் மறைவுக்கும் அது நாடிவரும் இடமே அதன் குட்டிகளுக்கு எமனாகவும் இருக்கிறது.

தெருத் தாய்க்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குட்டிகளை இடம் மாற்றக் கூடாது, எடுத்துக் கொஞ்சக் கூடாது; அமைதியான நாய்கூடக் குட்டி போட்ட முதல் இரண்டு வாரம் கடிக்கலாம். நாலடி தள்ளித் தண்ணீரும் சோறும் வைக்கலாம். மழை விழுந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டலாம். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய மலைச்சரிவுகளில் மட்டும் விதிவிலக்கு: அங்குள்ள சிறுத்தைகளின் முக்கிய இரைகளில் நாயும் ஒன்று. காட்டு விளிம்பில் கிடக்கும் குட்டிகளைத் தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது பின்தொடர்ந்து வரும்படியாகக் குடியிருப்பின் உட்பக்கம் நகர்த்துவதில் அர்த்தம் இருக்கிறது.

மூன்றாம் நான்காம் வாரத்தில் குட்டிகள் தாயின் தட்டில் வாய்வைக்கும். ஆறேழு வாரத்தில் பால் மறக்கும். குடற்புழு மருந்து இரண்டாம் வாரத்திலேயே தொடங்க வேண்டும், ஏனென்றால் புழு தாயின் வயிற்றிலேயே தொற்றிவிடுகிறது. முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில், வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். பால் வற்றியபின் தாய்க்குக் கருத்தடை செய்யலாம். அதைத் தள்ளிப்போட்டால் இன்னும் சில மாதத்தில் அது மறுபடி பருவத்துக்கு வரும். ஆறு மாதம் கடந்த அதன் பெட்டைக்குட்டிகளும் சினைபிடிக்கும் வயதை எட்டியிருக்கும்.