பால்மரக் காட்டில் ஒரு மரணம்

வரலாறும் மர்மமும் – தொடர் 9

டியூடர் வம்சத்தார் இங்கிலாந்தை ஆண்ட 1485 முதல் 1603 வரையிலான காலம் வரலாற்று மர்ம நாவலாசிரியர்களுக்கு வற்றாத களமாக விளங்குவதற்கு, அரண்மனைச் சூழ்ச்சிகளும் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரும் காரணம் என்று சொல்வது வழக்கம். அதைவிட வலுவான காரணம் அந்நாட்டு நீதிமன்ற ஆவணக் கிடங்குகளில் இருக்கிறது. ஐயத்துக்கு இடமான முறையில் ஒருவர் இறந்தால், உள்ளூர் ஆடவர்களை ஜூரியாகக் கூட்டி, உடலை நேரில் பார்வையிட்டு, காயத்தின் ஆழத்தைக்கூட அளந்து எழுதவேண்டிய கடமை அங்கே கொரனர் எனப்பட்ட மரண விசாரணை அதிகாரிக்கு இருந்தது. 1487இல் ஏழாம் ஹென்றி கொண்டுவந்த சட்டம், அந்த அறிக்கைகளை மேல் நீதிபதிகளிடம் ஒப்படைக்கும்படி கட்டாயப்படுத்தியதோடு, கொலையுண்ட ஒவ்வொருவர் குறித்த விசாரணைக்கும் கட்டணம் வகுத்தது. அதன் பயனாக, ஆற்றில் மூழ்கிய பணிப்பெண்ணும் வண்டிச் சக்கரத்தில் சிக்கிய உழவனும் பெயரோடும் ஊரோடும் இறந்த நாளோடும் ஆவணத்தில் ஏறினார்கள். 1537இல் மடாலயம் ஒன்றில் நடக்கும் கொலையை வழக்கறிஞர் மாத்யூ ஷார்ட்லேக் துப்பறிவதாக ‘டிஸலூஷன்’ நாவலை 2003இல் சி. ஜே. சான்சம் எழுதியபோது, அவருடைய கற்பனைக்கு அடியில் இத்தகைய ஆவணங்களால் இறுகிய தரை ஒன்று இருந்தது.

அந்தத் தரையிலிருந்து முளைத்த மர்மங்களுள் புகழ்பெற்றது ஏமி ராப்சார்ட்டின் மரணம். முதலாம் எலிசபெத்தின் அன்புக்குரியவராயிருந்த ராபர்ட் டட்லியின் மனைவியான ஏமி, 1560 செப்டம்பர் 8ஆம் நாள், வேலைக்காரர்களையெல்லாம் ஆபிங்டன் சந்தைக்கு அனுப்பிவிட்டுத் தங்கியிருந்த கம்னர் மாளிகையில், படிக்கட்டின் அடியில் கழுத்து முறிந்து கிடந்தார். ஜூரி அதனை விபத்து என்று தீர்த்தது. நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாதிருந்த அந்த விசாரணை அறிக்கை இந்த நூற்றாண்டில்தான் வெளிப்பட்டது. தலையில் இரண்டு காயங்கள் இருந்ததை அது குறிப்பிடுகிறது. அவை படிக்கட்டில் விழுந்ததால் ஏற்பட்டவை என்று அது சொன்னாலும், ஐயம் தீரவில்லை. அறிக்கை கிடைப்பதற்கு முன்பே, 1821இல், வால்டர் ஸ்காட் தமது ‘கெனில்வொர்த்’ நாவலில் அச்சாவைக் கொலையாக்கிவிட்டார்.

தமிழர் வரலாற்றில் இதற்கு இணையான சான்று காட்டுமன்னார்கோவில் அனந்தீசுவரர் கோயிலின் உடையார்குடிக் கல்வெட்டு. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்த ஆணை, பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனை, அதாவது சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனை, கொன்ற துரோகிகளென சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சுட்டி, அவர்களுடைய உறவினரின் உடைமைகளையும் பறிமுதல் செய்து விற்கச் சொல்கிறது. கொலை ஏன் நடந்தது, யார் ஏவினார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை. வரலாற்றாசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மீது ஐயம் கொண்டார். 1950 முதல் 1954 வரை கல்கி தமது வார இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடரை எழுதியபோது, அந்த இடைவெளியின் மீதே கடம்பூர் மாளிகைக் கொலைக் காட்சியைக் கட்டி, குத்தியது எவர் கை என்பதைத் திட்டமாகச் சொல்லாமலே விட்டார். ஆக, வரலாற்று மர்மத்துக்குப் பாதி சொல்லும் ஓர் ஆவணம் வேண்டும். முழுவதும் சொல்லிவிட்டால் நாவலுக்கு வேலையில்லை, எதுவுமே சொல்லாவிட்டால் நாவலுக்குப் பிடிமானமில்லை.

இந்த அளவுகோலுடன் பேராக் மாநிலத்துக்கு வந்தால் எதிர்ப்படும் நாவல், மலேசியச் சீன எழுத்தாளர் யாங்ட்ஸே சூ ஆங்கிலத்தில் எழுதி 2019இல் வெளியான ‘தி நைட் டைகர்’ என்பது. கதை நடப்பது 1931இல், ஈப்போவிலும் அதற்குத் தெற்கேயுள்ள பத்து காஜாவிலும். ரென் என்னும் பதினொரு வயதுச் சீனச் சிறுவன், இறந்துபோன தன் வெள்ளைக்கார எசமானருக்கு அளித்த வாக்குப்படி, முன்பே வெட்டுண்டு காணாமற்போன அவருடைய விரலைத் தேடிப்பிடித்து, 49 நாள்களுக்குள் அவருடைய உடலோடு புதைக்கவேண்டும். அந்த விரலோ, ஈப்போவில் தையல் பழகிக்கொண்டே, தாயின் சூதாட்டக் கடனை அடைக்க வீட்டுக்குத் தெரியாமல் நடன மண்டபத்தில் வேலை செய்யும் ஜி லின் என்ற பெண்ணின் கைக்கு வந்து சேருகிறது. இருவரின் கதைகளும் குவியும் புள்ளி பத்து காஜா மருத்துவமனை. கிந்தா மாவட்டத்தின் நிர்வாகத் தலைமையிடமாக அவ்வூர் இருந்த காலத்து மருத்துவமனையையும், குன்றின் மீதிருந்த ஐரோப்பியர் பங்களாக்களையும், கீழே விரிந்த ஈய வயல்களையும் நூலாசிரியர் தெருத்தெருவாக எழுப்பிக் காட்டுகிறார். கிந்தாப் பள்ளத்தாக்கை அறிந்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் பெரும் நிறைவைத் தரும்.

கதையின் அச்சத்துக்கு ஊற்று ‘ஹரிமாவ் ஜடியான்’. மனிதன் புலியாகவும் புலி மனிதனாகவும் உருமாறும் என்ற மலாய் நம்பிக்கை அது. சுமத்ராவின் கெரிஞ்சிப் பகுதியிலிருந்து வந்தவர்களை அத்தகையோர் என்று ஐயுறும் வழக்கம் தீபகற்பத்தில் பரவலாக இருந்தது. அத்துடன், புனித விலங்கெனக் கருதப்படும் ‘கிராமாட்’ புலி கால் ஊனமுற்றதாக இருக்கும் என்ற நம்பிக்கையையும் நாவல் எடுத்தாளுகிறது. அடுத்தடுத்து நிகழும் சாவுகளைச் செய்தது புலியா, மனிதனா, இரண்டுமானதா என்ற கேள்வியே வாசகரை இழுத்துச் செல்கிறது.

அச்சாவுகளுள் ஒன்று தமிழ் வாசகர் நின்று நோக்கவேண்டியது. ரப்பர் மரங்களுக்கிடையே புலி தின்றது போன்ற நிலையில் கண்டெடுக்கப்படும் உடல் அம்பிகா என்னும் தமிழ்ப் பெண்ணுடையது. அறுவை மருத்துவர் வில்லியம் ஆக்டன் அவளோடு மறைவாக உறவு வைத்திருந்தவர். ஆகவே அவளுடைய மரணம் அவருடைய அச்சமாகவும் குற்ற உணர்வாகவும் கதைக்குள் நுழைகிறது. ஐரோப்பியரின் ஆசைக்கும் தோட்டத்து வறுமைக்கும் இடையில் அகப்பட்ட பெண்களின் நிலையை நூலாசிரியர் மூடி மறைக்கவில்லை, அது பாராட்டுக்குரியது. ஆயினும் நாவலின் கடிகாரம் ரெனின் எசமானருடைய விரலுக்காகவே ஓடுகிறது. அவருடைய 49ஆம் நாளை எண்ணியபடி கதை நகர்கையில், அம்பிகாவின் பதினாறாம் நாள் காரியத்தைப் பற்றிய கேள்வி எழுவதில்லை. அவள் எந்த லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், இருந்தாள், எந்த மர நிரையில் வேலை செய்தாள், அவள் வராத காலையை முதலில் கவனித்தவர் யார் என்ற கேள்விகள் கதையின் நடுவுக்கு வருவதில்லை.

இதை நூலாசிரியரின் கவனக்குறைவாகக் கொள்வது நியாயமன்று. காலனி ஆட்சி எந்தச் சாவைத் தனியாக எழுதிவைத்தது, எதைக் கூட்டித் தொகையாக்கியது என்பதில்தான் இதன் வேர் இருக்கிறது. பாசிர் சாலாக்கில் 1875 நவம்பர் 2ஆம் நாள் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பிர்ச் கொல்லப்பட்டபோது, சாட்சியங்கள் கட்டுக்கட்டாகத் தொகுக்கப்பட்டன. அக்கொலைக்காக மகாராஜா லேலா 1877இல் தூக்கிலிடப்பட்டார். பேராக் சுல்தான் அப்துல்லா செஷெல்ஸ் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டார். கோலாலம்பூரில் 1911 ஏப்ரல் 23ஆம் நாள் எதெல் பிரவுட்லாக் என்ற ஆங்கிலப் பெண் தம் வீட்டுத் தாழ்வாரத்தில் வில்லியம் ஸ்டீவர்ட் என்பவரைச் சுட்டுக் கொன்ற வழக்கோ, மரண தண்டனையும் பின்னர் சிலாங்கூர் சுல்தானின் மன்னிப்புமாக முடிந்து, சாமர்செட் மாமின் ‘தி லெட்டர்’ கதைக்கும் அதே பெயரிலான நாடகத்துக்கும், 2023இல் தான் ட்வான் எங்கின் ‘தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்’ நாவலுக்கும் கருவாயிற்று. ஒரே துப்பாக்கிச் சூடு ஒரு நூற்றாண்டு கழித்தும் இலக்கியத்துக்கு உணவளிக்கிறது. தோட்டத் தொழிலாளரின் சாவுகளோ தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகளில் ஆயிரம் பேருக்கு இத்தனை என்ற வீதமாகப் பதிவாயின. அந்த வீதங்கள் மலேரியாவின் கொடுமையை எண்ணிப் பார்க்க உதவும். ஒரு பெண் ஏன் இறந்தாள் என்று கேட்க உதவா.

பத்து காஜாவை அடுத்த கெல்லி மாளிகையிலும் இதே நிலைதான். கிந்தா கெல்லாஸ் தோட்டத்தை உருவாக்கிய ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் லிஸ்பனில் நிமோனியாவால் இறந்தார் என்பது, முடிவுபெறாத அந்த மாளிகையைக் காண வரும் எவருக்கும் தெரியும். அதனைக் கட்டிய தமிழ்த் தொழிலாளரிடையே நச்சுக் காய்ச்சல் பரவிப் பலர் மாண்டதும், எஞ்சியோர் கேட்டுக்கொண்டபடி அவர் மாரியம்மன் கோயில் கட்ட உதவியதும் அதே கதையின் பகுதியாகச் சொல்லப்படுகின்றன. கோயில் கூரையில் தெய்வ உருவங்களுக்கிடையே நிற்கும் வெள்ளுடை மனிதரை ஸ்மித் என்றே மக்கள் காட்டுவார்கள். மாண்டவர்கள் அந்தக் கதையில் பெயரற்ற கூட்டமாகவே நிற்கிறார்கள். மாளிகையின் பேய்க்கதைகளுக்குக் கிடைக்கும் செவி அவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஆனால், தோட்டத்து மரணம் ஒன்றை மையமாக வைத்து மர்ம நாவல் எழுதச் சான்றுகளே இல்லை என்று முடிவுகட்டினால் அது தவறு. ரப்பர்த் தோட்டத்தைப் போல ஒவ்வொரு மனிதரின் ஒவ்வொரு காலையையும் கணக்கில் வைத்த இடம் வேறு அரிது. விடியுமுன் பெரட்டுக் களத்தில், அதாவது தொழிலாளர் வரிசையாக நின்று ஆஜர் கொடுக்கும் திடலில், தோட்டத்து எழுத்தராகிய கிராணி பெயர் அழைத்துச் செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். வெட்டு மேற்பார்வையாளராகிய மண்டோர் அவரவர் நிரைக்கு, அதாவது அன்று வெட்டவேண்டிய மர வரிசைக்கு, அனுப்புவார். சில நூறு மரங்களை வெட்டி முடித்து, மங்குகள் எனப்படும் கிண்ணங்களில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டா எனப்படும் தோள்தடியில் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமந்துவந்தால் அங்கே நிறுவை. மழை பெய்த நாள், வெட்டு இல்லாத நாள், சம்பளம் பிடித்த நாள் எல்லாம் ஏட்டில் ஏறும். கூலியைக் கணக்கிட வைத்த ஏடு அது என்றாலும், யார் எங்கே எப்போது இருந்தார் என்ற துப்பறிவாளரின் முதற்கேள்விக்கு அதனிடம் விடை உண்டு.

ஏட்டைவிட நுட்பமான சாட்சி மரம். பால்மரத்தைப் புலருமுன்னே வெட்டுவதற்குக் காரணம், குளிர்ச்சியில் பால் நன்றாக ஓடும் என்பதே. வெயில் ஏற ஏற ஓட்டம் தளர்ந்து, சில மணி நேரத்தில் வெட்டுவாயிலேயே உறைந்து நின்றுவிடும். நிரையின் முதல் மரத்துக்கும் கடைசி மரத்துக்கும் இடையில் மணிக்கணக்கான வேறுபாடு உண்டு. ஆகவே, வெட்டும் பெண்ணொருத்தி பாதி வேலையில் மறைந்துபோனால், எத்தனையாவது மரத்தோடு புது வெட்டு நின்றிருக்கிறது என்பதே அவள் கையிலிருந்து உளி விழுந்த வேளையைக் காட்டிவிடும். எடுக்காமல் விட்ட பால் மங்கிலேயே கட்டிப்பாலாகிவிடுவதால், மறுநாள் தேடி வருபவருக்கும் அது தெரியும். முந்தைய வெட்டின் மீது காய்ந்த ஒட்டுப்பால் உரிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால், அவள் அந்த மரத்தண்டை போனாளா இல்லையா என்பதும் விளங்கும். பட்டையில் ஏறிய சாய்வையும் ஆழத்தையும் வைத்து, வெட்டியது அவளா, அவள் இருந்ததாகக் காட்ட எவரோ அவசரத்தில் கீறியதா என்று பழுத்த மண்டோர் ஒருவர் ஐயுறவும் இடமுண்டு. கம்னர் மாளிகைப் படிக்கட்டு இவ்வளவு பேசவில்லை.

காலப் பின்னணியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ரப்பர் விலை வீழ்ந்ததால் 1930இல் இந்தியாவிலிருந்து ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அதைத் தொடர்ந்து வேலையிழந்த பெருந்தொகையான தமிழர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாவல் நிகழும் 1931இல், லயத்தில் ஓர் ஆள் காணாமற்போனால், ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லிக் கணக்கை முடிப்பது எவருக்கும் எளிது. கொலையை மறைக்க விரும்புபவனுக்கு அதைவிட வசதியான ஆண்டு வாய்க்காது. நாவலாசிரியருக்கும் அதைவிடக் கூரிய சிக்கல் வாய்க்காது.

மலேசியத் தமிழ் நாவல் இந்த மண்ணைப் புறக்கணித்ததில்லை. சயாம் மரண ரயில் பாதையையும் ஜப்பானியர் காலத்தையும் அ. ரெங்கசாமியும் ஆர். சண்முகமும் நாவலாக்கியிருக்கிறார்கள், தோட்டத் துயரத்தைச் சொன்ன கதைகளுக்குக் கணக்கில்லை. துயரத்தைப் பதிவுசெய்யும் அந்த மரபுக்குப் பக்கத்தில், ஒரு சாவை மட்டும் எடுத்துக்கொண்டு விடாப்பிடியாக விசாரிக்கும் மரபு வளர வேண்டிய வேளை இது. பேராக்கின் பல தோட்டங்களில் ரப்பர் அழிந்து செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்டன. அங்கே பால் வெட்டியவர்கள் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் முதுமையில் இருக்கிறார்கள். ஆவணக் கிடங்கில் இல்லாத பெயர்கள் அவர்களுடைய பேச்சில் இருக்கின்றன.

அத்தகைய நாவலின் துப்பறிவாளர் லண்டன் வழக்கறிஞராகவோ பங்களா மருத்துவராகவோ இருக்கவேண்டியதில்லை. தோட்டத்து மருந்தகத்தை நடத்திய டிரஸ்ஸர் உடலை முதலில் தொட்டவர், கிராணி ஏட்டைத் திருத்தக்கூடியவர், ஆள் சேர்த்து வந்த கங்காணி ஊர்ப் பகையை அறிந்தவர். இம்மூவருக்கும் தோட்ட நிர்வாகியாகிய துரையிடம் அஞ்சவேண்டிய காரணங்கள் உண்டு என்பதால் மூவருமே நம்பத்தகாத சாட்சிகள். எஞ்சியிருப்பவள் அடுத்த நிரையில் வெட்டிக்கொண்டிருந்த பெண். பக்கத்து நிரையில் உளிச் சத்தம் நின்றதையும், மங்குகள் எடுக்கப்படாமல் நிரம்பியதையும், நிறுவைக்குத் தன்னோடு வரவேண்டியவள் வராததையும் அவளே அறிவாள். புலி அடித்தது என்ற முடிவை மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டிருக்கும்போது, பாதி நிரை வெட்டியிருக்கையில் கட்டிப்பால் ஏன் கால் நிரையில் மட்டும் இருக்கிறது என்று கேட்கக்கூடியவளும் அவள் ஒருத்தியே. விசாரணை அங்கிருந்து தொடங்கலாம்.